மீதி நேரத்தில் என்ன நடக்கிறது?

“டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேர வகுப்பு, நான்கு பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் மகனுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்தானே? மீதி முக்கால் மணி நேரமும் அவன் மற்றவர்களுக்காகக் காத்துக்கொண்டுதானே இருக்கிறான்?” மாலை வகுப்பு முடிந்து மகனை அழைத்துப்போக வந்த ஒரு தந்தை, அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டே இப்படிக் கேட்டார். குறை சொல்லும் தொனி இல்லை. மகனுக்கு மட்டும் தனியாகச் சொல்லித்தர முடியுமா, நேரம் பாதியானாலும் பரவாயில்லை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்த வகுத்தல் கணக்கு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அறுபதை நான்கால் வகுத்தால் பதினைந்து. இதில் மறுக்க என்ன இருக்கிறது? ஏதோ இருக்கிறது என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

பள்ளி விட்ட பிறகு வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவில் சந்தித்திருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்பது எல்லாவற்றிலும் உயர்ந்தது, அதற்கு வழியில்லாதபோது நான்கைந்து பேரைச் சேர்த்து உட்காரவைக்கிறோம், அதற்கும் வழியில்லாதபோது நாற்பது பேர் கொண்ட வகுப்பு என்று ஒரு வரிசை நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. சிறு குழு என்பது ஆள் பற்றாக்குறைக்குச் செய்துகொண்ட சமாதானம் என்றே பேசப்படுகிறது. அந்தப் பேச்சை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குழுவில் மட்டுமே நடக்கக்கூடியவை சில உண்டு. தனிப் பயிற்சியை எவ்வளவு நீட்டினாலும் அவை நடப்பதில்லை. அந்தத் தந்தைக்கு வாசலில் நின்றபடி சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதிப்பார்க்கிறேன்.

தனிப் பயிற்சிதான் உச்சம் என்பதற்கு ஆதாரம் கேட்டால், கல்வி ஆய்வில் பழக்கமுள்ளவர்கள் முதலில் காட்டுவது அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையை. நல்ல பயிற்சியாளரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைத் தாண்டி நின்றார் என்று அது சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை ‘ஒருவருக்கு ஒருவர்’ என்ற முறையின் பெருமையைப் பேச அந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள். கட்டுரையைத் திறந்து படித்தால், பயிற்சி என்று புளூம் வரையறுப்பதில் ஒரு மாணவருக்கு ஒருவர் என்பதோடு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாணவர்களுக்கு ஒருவர் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. அந்த மாணவர்களுக்கு அவ்வப்போது சோதனை வைத்து, தவறியதைத் திருத்தி, அதன் பிறகே அடுத்த பகுதிக்கு நகர்ந்தார்கள் என்பதும் இருக்கிறது. அவ்வளவு பெரிய பலன் பின்னால் வந்த ஆய்வுகளில் பொதுவாகக் கிடைக்கவில்லை. 2020இல் ஆண்ட்ரே நிக்கோவும் சக ஆய்வாளர்களும் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரிப் பலன் 0.37 திட்டவிலக்கம். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ பதினான்கு பேரைக் கடந்து முன்னே போவதற்குச் சமம் அது. கல்வியில் இது பெரிய முன்னேற்றம்தான்.

என் கேள்விக்கு இன்னும் நெருக்கமான எண்கள் இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அறக்கட்டளை தொகுத்தவை. தனிப் பயிற்சி சராசரியாக ஐந்து மாதக் கூடுதல் முன்னேற்றம் தருகிறது என்கிறது அந்த அமைப்பு. சிறு குழுப் பயிற்சிக்கு நான்கு மாதம். அந்தத் தந்தையின் கணக்கு சரியென்றால், அதே உழைப்பை நான்கு பேருக்குப் பங்கிடும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு மாதமும் சில நாட்களும்தான் மிஞ்சியிருக்க வேண்டும். வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து வந்த எண்களை நேராகப் பக்கத்தில் வைத்து வகுத்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும், ஆசிரியரின் நேரம் கால்வாசியாகக் குறையும்போது பலன் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது என்றால், தன் முறை வராத நேரத்தில் பிள்ளைக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். குழுவில் ஆறு ஏழு பேருக்கு மேல் போனால் பலன் கண்கூடாகச் சரிகிறது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அப்படியானால் அந்த ‘ஏதோ’ ஒரு குறிப்பிட்ட அளவுக்குள்தான் உயிரோடு இருக்கிறது.

மாலை வகுப்பு நடத்துபவள் என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் குறிப்பிட்ட 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, பள்ளி நேரத்துக்குள் நடக்கும் பயிற்சியைவிடப் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் பயிற்சிக்குப் பலன் குறைவு என்கிறது. எனக்கு இதில் வியப்பில்லை. பிள்ளைகள் களைத்து வருகிறார்கள். சில நாள் வருகிறார்கள், சில நாள் வருவதில்லை. பகல் முழுக்க ‘கவனி, எழுது, பதில் சொல்’ என்று கேட்டு அலுத்த காதுகள் அவை. ஒன்பது வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் ஒரு பெரியவருக்கு எதிரே தனியாக உட்காரவைத்தால் அறுபது நிமிடமும் ஒரு ஜோடிக் கண் அவன்மீதே இருக்கிறது. மூச்சுவிட இடமில்லை. குழுவில் அவனுக்கு இளைப்பாறக் கிடைக்கிறது. இளைப்பாறியபடியே படிப்பு தொடரவும் வழியிருக்கிறது. அதற்கு நாம் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

கேட்பவருக்கும் வேலை உண்டு

எங்கள் வகுப்பில் முதல் பாதி வாசிப்பு, இரண்டாம் பாதி கணக்கு. ஒருவர் உரக்க வாசிக்கும்போது மற்ற மூவர் முன்னாலும் அதே பக்கம் திறந்திருக்கும். விரல் வரியோடு நகர வேண்டும். வாசிப்பவர் தடுமாறினால் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வாக்கியம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் வாசித்தவரே முதலில் பேசுவார்: எங்கே சந்தேகம் வந்தது என்று சொல்வார். பிறகுதான் மற்றவர்கள். இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதைவிடப் பெரியவர்களுக்குப் பழக்குவது கடினம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டுபிடித்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்டார்கள். மூன்று விநாடி என்பது எழுத்தில் சிறிது. ஒரு பிள்ளை எழுத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்க, எதிரே வாய்மூடி உட்கார்ந்திருக்கும்போது அது மிக நீளம்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். கொம்பு முதல் இடம். ‘கொடி’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அடுத்து ககரம், அடுத்து கால். ஒலியோ ககரத்தில் தொடங்கி, முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளையும் ஒன்றாகச் சேர்த்து முடிகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை ‘கெ… கா… டி’ என்று வாசித்து நிற்கும். பிள்ளை எழுத்துகளை ஒழுங்காகப் பார்க்கிறது என்பதற்கு அந்தத் தவறே சாட்சி. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாட்டை எழுத்தில் வகுத்துத் தந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். அந்தச் சிறு சுழிப்பைக் கவனிக்காமல் ‘கெடு’வைக் ‘கேடு’ என்று தாண்டிப் போகும் பிள்ளையிடம்தான் அதன் அருமை தெரியும். அடுத்த இடறல் சொல்லின் வால். ‘மரத்திலிருந்து’ என்று அச்சிட்டிருக்கும், ‘மரத்தில்’ என்று வாசித்துவிட்டுப் போய்விடும். வேகமாக வாசிக்கும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் சொல் மனத்தில் வந்துவிடுகிறது, மீதியைக் கண் தொடுவதில்லை.

ஒரு மாலை ‘பூனையை நாய் துரத்தியது’ என்ற வாக்கியம் வந்தது. வாசித்த பையன் ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்தான். யார் ஓடியது, யார் துரத்தியது என்று கேட்டேன். “பூனை துரத்தியது” என்றான். ஏன் என்று கேட்டதற்கு, “பூனைதானே முதலில் வருகிறது” என்றான். இன்னொரு சிறுமிக்கும் அதே எண்ணம். மூன்றாவது சிறுமி மட்டும் விரலைச் சொல்லின் முடிவில் வைத்து, “பூனை இல்லை, பூனையை” என்றாள். ‘யை’யில் குரல் அழுந்தியது. அந்த அழுத்தத்தைத் தனிப் பயிற்சியில் நானும் கொடுத்திருக்கலாம்தான். நான் கொடுத்திருந்தால் அது இலக்கணக் குறிப்பு. தன் வயதுப் பிள்ளை கொடுத்தபோது அது கண்டுபிடிப்பாக இருந்தது. அதற்கு மறுநாள் முதல் அந்த நால்வரும் தாங்களாகவே வாக்கியங்களைப் புரட்டிப்போட்டு ஒருவரையொருவர் சோதிக்க ஆரம்பித்தார்கள். ‘அம்மாவைப் பாப்பா தூக்கியது’ என்று ஒருவன் எழுதிவந்தான். வாசிப்புப் பயிற்சியில் இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தோன்றியதில்லை.

‘இது’ என்றால் எது?

அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை கிடைத்தது கணக்கு நேரத்தில். அவர் மகன் குழுவிலேயே வேகமானவன். கூட்டலும் பெருக்கலும் அவனுக்கு நொடியில் வரும். விடை எழுதிய தன் சிறு பலகையைக் கவிழ்த்துவைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவர் சொன்ன ‘காத்திருப்பு’ இதுதான். அவனுக்கு எதிரே உட்காருபவள், ‘பூனையை’ என்று சொன்ன அதே சிறுமி. சொல் சொல்லாக, சில நேரம் எழுத்து எழுத்தாக வாசிப்பாள். கணக்கில் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை குறைவு.

அன்று நான் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு இது: ‘தம்பியிடம் 12 பந்துகள் இருக்கின்றன. இது அக்காவிடம் இருப்பதைவிட 5 அதிகம். அக்காவிடம் எத்தனை பந்துகள் இருக்கின்றன?’ விடையைப் பலகையில் எழுதிக் கவிழ்த்துவிட வேண்டும், வாயால் சொல்லக் கூடாது என்பது வழக்கம். பையன் கணக்கைக் கண்ணால் ஓட்டிய வேகத்திலேயே எழுதிக் கவிழ்த்துவிட்டான். அடுத்தடுத்து இன்னும் இருவர். அந்தச் சிறுமி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். “இது… அக்காவிடம்… இருப்பதை… இருப்பதைவிட…” என்று போய், திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தாள். பிறகு தலையைத் தூக்கி, “இது என்றால் எது, டீச்சர்?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. மற்ற மூவரையும் பார்த்தேன். “பன்னிரண்டுதான்” என்றான் பையன், இதில் என்ன கேள்வி என்பதுபோல. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். “அப்படியென்றால் பன்னிரண்டுதானே அதிகம்? அக்காவிடம் குறைவாகத்தானே இருக்கும்?” என்றாள். பையன் உடனே மறுத்தான்: “அதிகம் என்று எழுதியிருக்கிறது. அதிகம் என்றால் கூட்ட வேண்டும்.” “யாரிடம் அதிகம்?” என்றாள் அவள். சண்டைக்காகக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. பையன் அவள் கையிலிருந்த தாளை வாங்கினான். இந்த முறை விரலை வைத்து வாசித்தான். அவன் விரல் வைத்து வாசித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு பலகையின் ஓரத்தில் ஒரு நீளக் கோடு, அதன் கீழே ஒரு குட்டைக் கோடு போட்டான். நீளக் கோட்டின் பக்கத்தில் ‘தம்பி’ என்று எழுதினான். 17ஐ அழித்தான். “ஏழு” என்றான். பக்கத்தில் இருந்தவன் இன்னும் 17லேயே நிற்க, அவனுக்குக் கோடுகளைக் காட்டி விளக்கத் தொடங்கினான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்த இடத்தைப் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு மட்டும் தனியாக இதே கணக்கைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 17 என்று காட்டியிருப்பான். ‘மறுபடியும் வாசி’ என்று நான் சொல்லியிருப்பேன். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும்: கூட்டல் இல்லையென்றால் கழித்தல். ஏழு என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பான். தனியாகப் படிக்கும் பிள்ளைகள் பாடத்தைப் படிப்பதோடு ஆசிரியரின் முகத்தையும் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். புருவம் சற்று ஏறினால் விடை தவறு, பென்சிலை எடுத்துக் கொடுத்தால் விடை சரி. அந்த முகக்குறிப்புகள் சக பிள்ளையிடம் கிடைப்பதில்லை. அவளுக்கே விடை தெரியாது என்பதுதான் அங்கே பலம். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேட அவன் மீண்டும் அந்த வாக்கியத்துக்குள்தான் போக வேண்டியிருந்தது.

இந்தத் தவறு சின்னப் பிள்ளைகளுடையது மட்டும் இல்லை. ‘அதிகம்’ என்ற சொல் இருந்தும் கழிக்க வேண்டிய கணக்குகளில் கல்லூரி மாணவர்களே தடுமாறுவதை ஆன் லூயிஸும் ரிச்சர்ட் மேயரும் 1987இல் காட்டினார்கள். கணக்கு தெரிந்திருந்தும் வாக்கியம் சறுக்கிவிடுகிறது. வாசிப்பையும் கணக்கையும் ஒரே மாலையில், ஒரே குழுவில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம். வாசிப்பில் பின்தங்கியவள் என்று குறித்துவைக்கப்பட்ட சிறுமியின் நிதானம், கணக்கில் முன்நிற்பவன் என்று குறித்துவைக்கப்பட்ட பையனுக்குத் தேவைப்பட்டது. இரண்டு பாடங்களையும் தனித்தனி வகுப்பாக, தனித்தனி ஆட்களுக்கு நடத்தியிருந்தால் இந்த இருவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பதாலேயே கற்க முடியுமா என்ற கேள்விக்கு மிக்கெலின் சி என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. இயற்பியல் கணக்குகளில் ஒருவருக்குத் தனிப் பயிற்சி நடப்பதைப் படம்பிடித்து, அதை வேறு மாணவர்களுக்குக் காட்டினார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, பேசிக்கொண்டு, கணக்கைப் போட்டுக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், நேரடியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு இணையாகக் கற்றிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது கைகூடவில்லை. அவர்கள் கல்லூரி மாணவர்கள், என் பிள்ளைகள் ஒன்பது பத்து வயதினர். அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் நான் கண்ணால் பார்ப்பதும் இதுவே. பக்கத்தில் பேச ஒருவரும் கையில் செய்ய ஒரு வேலையும் இருந்தால், இன்னொருவருக்கு நடக்கும் பாடம் தனக்கும் நடக்கிறது.

கழித்தலிலும் இதேதான். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. இது கவனக்குறைவு இல்லை, பிள்ளை தானே வகுத்துக்கொண்ட விதி என்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் விரிவாக எழுதினார்கள். விதி என்பதால், சிவப்பு மையில் பத்துமுறை அடித்தாலும் பதினோராவது முறையும் வரும். நான் செய்வது, இப்படி வந்த விடையைப் பெயர் சொல்லாமல் பெரிய பலகையில் எழுதி, “இவர் எப்படி யோசித்திருப்பார்?” என்று கேட்பது. எழுதிய பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்னொரு பிள்ளை அந்த விதியைக் கண்டுபிடித்து விளக்கும். மூன்றாமவர், “35ஓடு 27ஐக் கூட்டினால் 62 வருகிறதே” என்பார். அதற்குள் குச்சிக்கட்டுகள் மேசைக்கு வந்திருக்கும்: பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. ஏழு குச்சி வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதைக் கை முதலில் புரிந்துகொள்கிறது. விடையை எழுதிய பிள்ளை இத்தனையையும் தன் விடை என்ற கூச்சமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரே நான் ஒருத்தி மட்டும் இருந்தால் அந்தக் கூச்சத்தை ஒளித்துவைக்க இடம் ஏது?

குழு கெடும் இடங்கள்

நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்துவிட்டால் இதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பிள்ளை பத்தி பத்தியாக வாசிப்பவனாக இருந்தால், அந்தக் குழுவில் அந்தத் தந்தை சொன்ன காத்திருப்பு மட்டுமே மிஞ்சும். நால்வரும் ஒரே வாக்கியத்தில், வெவ்வேறு இடத்தில் இடறக்கூடியவர்களாக இருக்க வேண்டும். பள்ளியில் எந்த வகுப்பு என்று பார்த்துக் குழு பிரிப்பது இதற்கு உதவாது; உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தில், உள்ளூர் இளம்பெண்கள் மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து அடிப்படை வாசிப்பும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதன் பலனை உறுதிசெய்தது. அங்கே ஒரு குழுவில் பதினைந்து இருபது பிள்ளைகள். அவ்வளவு பேர் இருந்தும் பலித்ததற்குக் காரணம், பாடப்புத்தகத்தின் பக்க எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியதுதான் என்று நான் நம்புகிறேன்.

வீட்டுப்பாடம் இன்னொரு கேடு. மாலை வகுப்பு என்றால் நாளைக்குக் காட்ட வேண்டியதை முடித்து அனுப்பும் இடம் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது இயல்பு. நோட்டு நிரம்பிவிடும், திட்டு விழாது. ஆனால் கொம்பு தெரியாத பிள்ளை பார்த்து எழுதி நிரப்பிய பக்கத்தால் யாருக்கு என்ன பயன்? என் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டுகள் பைக்குள்ளேயே இருக்கும். இதனால் சில பிள்ளைகள் நின்றுபோனதுண்டு. வருத்தம்தான், ஆனால் இதில் நான் இளகுவதாக இல்லை.

தனிப் பயிற்சியே வேண்டிய பிள்ளைகளும் உண்டு, அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் முறையாக, அடுக்கடுக்காக, தேர்ந்த ஒருவர் தனியே கற்பிப்பது தேவைப்படலாம். பத்து வயதாகியும் எழுத்துகளையே இன்னும் அறியாத பிள்ளையைக் குழுவில் உட்காரவைப்பது கொடுமை. பேசவே அஞ்சும் பிள்ளைக்குச் சில வாரங்கள் தனியாக இருந்து பழகுவது நல்லது. எங்கள் குழுவிலேயே ஒருவனை எழுத்துகள் கைவசமாகும்வரை தனியாக வைத்திருந்து, பிறகு சேர்த்தோம். தனியாகக் கற்ற நாட்களில் அவன் நன்றாக முன்னேறினான். அவன் வாயிலிருந்து முதல் கேள்வி வந்தது மட்டும் குழுவில் சேர்ந்த பிறகுதான்.

அந்தத் தந்தை மறுவாரம் வந்தபோது நான் ஆய்வு எதையும் சொல்லவில்லை. மகனின் நோட்டைத் திறந்து, இரண்டு கோடுகள் போட்டுச் செய்த கணக்குகளைக் காட்டினேன். பந்துக் கணக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் 12ஐயும் 5ஐயும் பார்த்ததும் “பதினேழு” என்று ஆரம்பித்து, நிறுத்தி, வாக்கியத்தை மறுபடி வாசித்தார். மகன் குழுவிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவன் விடையைக் கவிழ்த்துவைத்த பிறகு சும்மா இருக்காமல், அதே விடை வரும்படி இன்னொரு கணக்கை மற்றவர்களுக்காக எழுத வேண்டும் என்ற வேலையையும் அன்று முதல் சேர்த்தேன். இது அவர் கேள்வியால் வந்த மாற்றம். அவரிடமே அதைச் சொன்னேன். அவர் எழுப்பியிராவிட்டால் அந்த நிமிடங்கள் அப்படியே போயிருக்கும்.

இப்போது வேறு ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு இன்னும் ஆறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அறையில் இடம் இருக்கிறது, பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம் என்கிறார்கள். இடம் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் “இது என்றால் எது?” என்று கேட்டால், மற்ற ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு அது காதில் விழும், அதில் எத்தனை பேர் தாளை வாங்கி மறுபடி வாசிப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். மூன்று மூன்று பேராக இரண்டு புதிய குழுக்கள் தொடங்கலாம், அதற்கு இன்னொருவர் வேண்டும் என்று சொன்னேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் முன்வந்திருக்கிறார். இப்போதைக்கு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே, திருத்தாமல் எழுதிக்கொள்கிறார். அடுத்த வாரம் அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, யார் யாருடன் உட்காருவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்யப்போகிறோம்.